புளி உருண்டைக்குள் இரண்டு ஊசிகள்

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. இரும்புலியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு மேலே விமானம் தாழப் பறந்தால் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வேன். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொள்வேன். ஆனால் அதெல்லாம் சத்தத்துக்குப் பயந்த பயம். சத்தம் நின்றதும் பயமும் நின்றுவிடும். சத்தமே போடாத பயம் ஒன்று இருக்கிறது என்று பத்து வயதில் தெரிந்துகொண்டேன். அதற்குக் காரணம் இரண்டு ஊசிகள். அவற்றை வைத்தவளும் நான்தான்.

அம்மா எம்ப்ராய்டரி போடுவாள். சர்ச்சில் அறுப்பின் பண்டிகை விற்பனைக்கு வருஷா வருஷம் தலையணை உறை, தட்டு மூடும் துணி என்று ஒரு மூட்டை தைத்துக் கொடுப்பாள். அவளுடைய சாமான்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும். அன்றாடம் தைக்கிற ஊசிகள் ஃபிளானல் துணியில் குத்தியிருக்கும். அவற்றை வேலை முடிந்ததும் எண்ணி வைப்பாள். டப்பாவின் அடியில் இன்னும் தொடாத புது பாக்கெட் ஒன்று கிடந்தது. பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்புக்குக் கைக்குட்டையில் ரோஜா போடச் சொல்லியிருந்தார்கள். அம்மா எனக்குக் கொடுத்தது முனை மழுங்கிய கிழட்டு ஊசி. நான் கேட்காமல் கொள்ளாமல் அந்தப் புது பாக்கெட்டைப் பிரித்து இரண்டு ஊசிகளை எடுத்துக்கொண்டேன்.

ரோஜா முட்டைகோஸ் மாதிரி வந்தது, அது போகட்டும். கைக்குட்டையை அலசி, ஈரத்தோடு ஊசிகளையும் அதிலேயே குத்திப் பையில் வைத்து மறந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் இரண்டும் துருப்பிடித்துப் போயிருந்தன. அப்படியே திருப்பி வைத்தால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை தோன்றியது. அம்மா பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்தால் தங்கம் மாதிரி மின்னும். செம்புக்கு ஆகிறது ஊசிக்கு ஆகாதா? கொட்டை எடுத்து, உப்புப் போட்டு, உருண்டை பிடித்து ஜாடியில் அடுக்கியிருந்த புளியில் மேலே இருந்த உருண்டையை எடுத்தேன். இரண்டு ஊசிகளையும் வெளியே தெரியாதபடி உள்ளே அழுத்தினேன். மறுநாள் எடுத்துத் துடைத்துப் பாக்கெட்டில் சொருகிவிடுவதாகத் திட்டம். என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் திட்டம் அது. பிறகு போட்டவையும் அதைவிட ஒழுங்காக நடந்ததாகச் சொல்ல முடியாது.

அப்போது எங்கள் வீட்டில் சித்தி இருந்தாள். அம்மாவின் ஒரே தங்கை. அவர்களைப் பெற்றவள் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வந்திருந்தாள். சித்தப்பாவுக்கு பம்பாயில் வேலை. சித்திக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. ஒன்று நான்காம் மாதம், இன்னொன்று ஆறாம் மாதம். இது ஏழாம் மாதத்தைத் தொட்டுவிட்டது என்று அம்மா ஒவ்வொரு நாளையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடத்தினாள். சித்தி குனிந்தால் திட்டுவாள், நிமிர்ந்தால் திட்டுவாள். வாளியைத் தூக்கப்போனால் என் பெயரைச் சொல்லிக் கத்துவாள்.

நான் ஊசிகளைப் புதைத்த அன்று சாயங்காலம் சித்தி சொன்னாள்: "அக்கா, கடல் கிட்ட உக்காந்து உன் கையால பண்ண புளிசாதம் சாப்பிடணும் போல இருக்கு."

வாயும் வயிறுமாக இருப்பவள் ஆசையாகக் கேட்டதை மறுப்பதா? அப்பா உடனே ஆபீஸ் நண்பரிடம் அம்பாசிடர் கார் கேட்டு வந்துவிட்டார். மறுநாள் சனிக்கிழமை கோவளம் போவதென்று முடிவானது. எனக்கு ஒரே குதூகலம். கார்ப் பயணம் என்றதும் ஊசி, துரு, புளி எல்லாம் புத்தியை விட்டே ஓடிவிட்டன.

காலையில் என்னை எழுப்பியது புளிக்காய்ச்சல் வாசனை. வெந்தயமும் பெருங்காயமும் நல்லெண்ணெயும் சேர்ந்து வீடெல்லாம் மணந்தது. படுக்கையில் கிடந்தபடி அதை மோந்து சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது. அடுத்த நொடி ஊசிகள் நினைவுக்கு வந்தன.

சமையலறைக்கு ஓடினேன். ஜாடியைத் திறந்தால் மேல் உருண்டையைக் காணோம். அதைப் பிளந்த அருவாமனை கழுவிச் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இருப்புச்சட்டியில் புளிக்காய்ச்சல் எண்ணெய் பிரிந்து தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா ஒரு விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு கரண்டியால் கிளறினாள். ருசி பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"பல்லு தேச்சியா?" என்றாள்.

பல் தேய்க்கிறேன் என்று கொல்லைப்பக்கம் போய்க் குப்பை வாளியைக் கவிழ்த்தேன். கரைத்துப் பிழிந்த புளிச்சக்கை கிடந்தது. அதை நார் நாராகப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு கொட்டை இருந்தது, ஓட்டுத்துண்டு ஒன்று இருந்தது. ஊசி இல்லை. ஒன்றுகூட இல்லை. சக்கையில் இல்லையென்றால் கரைசலில்தான் இருக்க வேண்டும். கரைசல் சட்டியில். சட்டியில் இருப்பது சோற்றில். சோறு சித்தியின் வயிற்றில். அந்த வயிற்றுக்குள் பாப்பா.

எங்கள் தையல் டீச்சர் சொன்னது வேறு காதில் ஒலித்தது. ஊசியை வாயில் கவ்வாதீர்கள், உள்ளே போனால் ரத்தத்தோடு ஓடிப் போய் இருதயத்தில் குத்தும் என்பார். எங்களை மிரட்டத்தான் அப்படிச் சொல்லியிருப்பார். நான் மிரண்டேன். பாப்பாவின் இருதயம் எவ்வளவு சின்னதாக இருக்கும் என்று என் விரல் நுனியைப் பார்த்துக்கொண்டு வாளி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். "அம்மா, புளியில ஊசி" என்று மூன்று வார்த்தை. இத்தனை வருஷம் கழித்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் சரியான பதில் இல்லை. அடிக்குப் பயந்தேன் என்று சொல்லலாம். ஆனால் அம்மா அவ்வளவு அடிப்பவள் இல்லை. சித்தி புதுச்சேலை கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள், அப்பா சீட்டியடித்துக்கொண்டு காரைத் துடைத்தார். எல்லோரும் சந்தோஷமாக இருந்த வீட்டில் அந்த மூன்று வார்த்தையைப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. கோழை, வேறென்ன.

காரில் தூக்குப்பாத்திரம் என் காலடியில்தான் இருந்தது. வண்டலூர் தாண்டிக் கேளம்பாக்கம் சாலையில் கார் குலுங்கும்போதெல்லாம் மூடி கிணுகிணுத்தது. எனக்கு அது ஊசி பாத்திரத்தில் இடிக்கிற சத்தமாகவே கேட்டது.

"அம்மா..."

"என்ன, ஒண்ணுக்கா? அப்பாவை நிறுத்தச் சொல்லவா?"

"இல்ல."

"பின்ன ஏன் முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

கோவளத்தில் படகுகள் கரையேறியிருந்தன. மீன் ஏலம் முடிகிற நேரம். ஒரே கூச்சல், ஒரே கவிச்சி. கொஞ்சம் தள்ளிச் சவுக்கு நிழலில் ஜமுக்காளம் விரித்தோம். சித்தி சேலையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் கால் நனைத்தாள். அம்மா பின்னாலேயே நின்று, "போதும்டி, போதும்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததில்லை. இவள் சாகப்போகிறாள் என்று நினைத்தேன். நான்தான் கொல்லப்போகிறேன்.

சாப்பிட உட்கார்ந்ததும், "நான்தான் பரிமாறுவேன்" என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டேன். ஒவ்வொரு கரண்டியையும் கிளறி, கவிழ்த்து, உற்றுப் பார்த்துப் போட்டேன். சித்தியின் தட்டில் ஒரு கைப்பிடிதான் வைத்தேன்.

"என்னடி, கோழிக்குத் தீனி போடற மாதிரி போடற? நான் ரெண்டு பேருக்குச் சாப்பிடணும்!" என்று சித்தி கரண்டியை வாங்கித் தானே அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். தூக்கிலிருக்கிற சோறு எவ்வளவு என் வயிற்றுக்குள் போகிறதோ, அவ்வளவும் சித்தியின் வயிற்றுக்குப் போகாது. ஊசி என்னைக் குத்தினால் குத்தட்டும். நான் சாப்பிட ஆரம்பித்தேன். ஒவ்வொரு உருண்டையையும் விரலால் நசுக்கி, வாயில் போட்டு, நாக்கால் துழாவி, மெல்ல மெல்ல மென்றேன். வேர்க்கடலை பல்லில் பட்டு நொறுங்கும்போதெல்லாம் உயிர் போய் வந்தது. இரண்டாம் தட்டு. மூன்றாம் தட்டு. உருளைக்கிழங்கு வறுவலைத் தொடவேயில்லை.

"மசக்கை எனக்கா உனக்கா?" என்றாள் சித்தி. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று சித்தி மெல்வதை நிறுத்தினாள். முகம் சுளித்தாள். விரலை வாய்க்குள் விட்டு எதையோ எடுத்தாள். என் காதில் கடல் சத்தம் நின்றுபோயிற்று.

"புளி ஓடுக்கா," என்று சுண்டியெறிந்துவிட்டு மறுபடி சாப்பிட்டாள்.

நான் நான்காவது தட்டைப் போட்டுக்கொண்டேன். கண்ணீர் சோற்றில் சொட்டியது. மிளகாய் காரம் என்று சொன்னேன்.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா கைகழுவ என்னை அலைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். யாருக்கும் கேட்காத தூரம் வந்ததும் முந்தானை ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள். உள்பக்கம் ஒரு ஊசி குத்தியிருந்தது. துருப்பிடித்த, கறுத்த ஊசி.

"இதைத்தானே தேடின? காலையில புளி பிழியறப்ப விரல்ல ஏறிடுச்சு. நான்தான் எங்கேயோ தவற விட்டுட்டேன்னு நினைச்சு, உங்கப்பாவுக்குத் தெரியாம இங்க குத்தி வச்சேன். நீ சோத்தைக் கிண்டறதைப் பார்த்ததும்தான் புரிஞ்சுது. லூசு, கேட்டா கொடுக்க மாட்டேனா?"

அவள் குரலில் கோபமே இல்லை. எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. இப்போது சும்மா இருந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும், மன்னிப்பும் கிடைத்துவிட்டது. ஆனால் சித்தியின் தட்டு காலியாகிவிட்டதே.

"ரெண்டும்மா," என்றேன். "ரெண்டு ஊசி வச்சேன்."

ஒரு அலை வந்து எங்கள் இருவர் காலையும் நனைத்துவிட்டுப் போனது. அம்மா சித்தி இருந்த திசையைப் பார்த்தாள். பிறகு என் தலையில் கை வைத்தாள்.

"ஆமா, ரெண்டுதான். இன்னொண்ணை வீட்டுலயே எடுத்து டப்பாவுல போட்டுட்டேன். ரெண்டும் கிடைச்சுடுச்சு. அழாத."

உலகத்தில் அதைவிட இனிமையான பேச்சை நான் கேட்டதில்லை. வீடு வரும்வரை சித்தியின் மடியில் தலை வைத்துத் தூங்கினேன்.

திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்ததும் டப்பாவைத் திறந்து பார்த்தேன். பாக்கெட் முழுசாக இருந்தது. ஒரு ஊசி கறுப்பாக, இன்னொன்று பளபளவென்று. அம்மாவிடம் கேட்டேன். "உன் புளி வைத்தியம் ஒண்ணுக்குப் பலிச்சிருக்கு போல," என்றாள். நான் அதை அப்படியே நம்பி, துருப்பிடித்த ஊசிக்குப் புளியே கைகண்ட மருந்து என்று வகுப்பில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதற்குப் பிறகு அம்மா சித்தியைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. தினமும் வாழைத்தண்டு. தினமும் வாழைப்பழம். "வயித்துல எங்கேயாவது குத்துதா? நெஞ்சுல சுருக்குன்னு இருக்கா?" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்பாள். ஒருமுறை சித்தி குழந்தை உதைத்ததில் "ஸ்ஸ்" என்று வயிற்றைப் பிடித்தாள். அம்மா கையிலிருந்த பால் பாத்திரத்தை அப்படியே கீழே போட்டுவிட்டாள். "என்னக்கா நீ, எனக்கு இல்லாத பயம் உனக்கு!" என்று சித்தி அலுத்துக்கொண்டாள். முதல் இரண்டும் போன பயம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

எங்கள் வீட்டில் தினமும் விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம் உண்டு. அம்மாதான் ஜெபிப்பாள். அப்பா வேலை, என் படிப்பு, சித்தப்பாவின் உடல்நலம், எல்லாம் வரிசையாக வரும். கோவளம் போய் வந்த பிறகு அதில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது. "எங்கள் கண்ணுக்கு மறைந்திருப்பது உமக்கு மறைவானதல்ல ஆண்டவரே, அதை உம்முடைய கையில் பிடித்துக்கொள்ளும்." அந்த இடம் வரும்போது அம்மாவின் குரல் ஒரு படி இறங்கும். அப்பாவின் டிரான்ஸ்ஃபர் பற்றித்தான் சொல்கிறாள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் அம்மா குழந்தையை மடியில் போட்டு, துணியை விலக்கி, உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை விரலால் அழுத்தி அழுத்தித் தடவிப் பார்த்தாள். பிறகு சித்தியே பயந்துபோகும் அளவுக்கு விம்மி விம்மி அழுதாள். அதன் பிறகும் ஜெபத்தில் அந்த வரி போகவில்லை. சித்தி பம்பாய் போன பின்பு அம்மா அவளுக்கு எழுதிய கடிதங்களிலும் கடைசியில் ஒரு கேள்வி தவறாது: உனக்கு வயிற்றிலோ நெஞ்சிலோ குத்தல் ஏதும் உண்டா? "அக்கா, உன்னைத் தவிர யாரும் என்னைக் குத்துவதில்லை" என்று சித்தி ஒருமுறை பதில் எழுதியிருந்தாள். அதை அப்பா சத்தமாகப் படித்தபோது அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இப்படியே பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. நான் படிப்பை முடித்து, மின்சார ரயிலில் வேலைக்குப் போய்வர ஆரம்பித்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதம் சித்தியும் அவள் மகளும் லீவுக்கு வந்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சாணை பிடிக்கிறவர் தெருவில் குரல் கொடுத்தார். எங்கள் அருவாமனை கட்டையில் ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டு அம்மாவும் நானும் வாசலில் நின்றோம். சித்தி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் மகள் படியில் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தாள்.

அவர் கட்டையைத் தட்டி இரும்பைக் கழற்றினார். இரும்பு இறங்கியிருந்த பிளவில் பழைய புளியும் அழுக்கும் கறுப்பாக இறுகிப்போயிருந்தது. ஆணியை விட்டுச் சுரண்டினார்.

"இன்னாம்மா இது, கட்டைக்குள்ள ஊசி கீது!"

துருவேறி, கரிக்கட்டை மாதிரி ஆகி, நடுவில் ஒடிந்த ஊசி. இரண்டு துண்டையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "நல்லவேளை, யார் கையிலயும் ஏறல. எவ்ளோ நாளா இருந்துகினு இருக்கோ!"

அம்மா அதை வாங்கிப் பார்த்தாள். இரண்டு துண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தாள். பிறகு அப்படியே வாசற்படியில் சரிந்து உட்கார்ந்து, பக்கத்திலிருந்த சித்தி மகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "என்ன பெரியம்மா, மாங்கா ஒட்டுது, விடு," என்று அவள் திமிறினாள். அம்மா விடவில்லை.

பாக்கெட்டில் பளபளத்த ஊசியும், வாழைத்தண்டும், கீழே விழுந்த பால் பாத்திரமும், ஜெபத்தில் இறங்குகிற குரலும் ஒவ்வொன்றாக வந்து என் முன்னால் நின்றன. நான் காரில் நிம்மதியாகத் தூங்கியபோது அவள் முன்சீட்டில் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்? இப்போது அந்தப் பயம் மொத்தமும் ஒரே நேரத்தில் என் மேல் விழுந்தது.

சமையலறையில் தனியாக மாட்டியபோது கேட்டேன். "ஏம்மா அன்னிக்குப் பொய் சொன்ன?"

அம்மா ஊசித் துண்டுகளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தாள். "சாப்பிட்டு முடிச்சாச்சு. இனிமே பயந்துதான் ஆகணும். அதுக்கு ஒருத்தி போதாதா? நீ பத்து வயசுக் குழந்தை."

"டாக்டர்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். படம் எடுத்தா வயித்துல இருக்கிற பாப்பாவுக்கு ஆகாது, வலின்னு சொன்னா உடனே கூட்டிட்டு வாங்கன்னார். அவ வலின்னு சொல்லிடுவாளோன்னுதான் தினம் கேட்டுக்கிட்டு இருந்தேன். பாப்பா பொறந்தப்புறம் படம் எடுக்கணும்னா அவகிட்ட விஷயத்தைச் சொல்லணுமே, அந்தத் தைரியம் எனக்கும் வரல."

நான் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை.

அன்று மாலை ஜெபத்துக்கு எல்லோரும் பாயில் உட்கார்ந்தோம். அம்மா வழக்கம்போல ஆரம்பித்தாள். அப்பாவின் ரத்த அழுத்தம், என் வேலை, சித்தியின் குடும்பம் எல்லாம் முடிந்தது. அந்த வரி வரவேண்டிய இடத்தில் நிறுத்தினாள். அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்து, இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிவிட்ட அப்பா, கண்ணை மூடியபடியே எடுத்துக் கொடுத்தார்: "எங்கள் கண்ணுக்கு மறைந்திருப்பது..."

"அது இனிமே வேண்டாங்க," என்றாள் அம்மா. "கிடைச்சுடுச்சு."

அப்பா ஒரு கண்ணைத் திறந்தார். "என்ன கிடைச்சுடுச்சு?"

"ஜெபத்துல பேசக் கூடாது. ஆமென் சொல்லுங்க."

நான்தான் எல்லோருக்கும் முந்திச் சொன்னேன்.